உழைச்செல்வான்

சென்ற பருவத்தில் இளங்கலை முதலாமாண்டு வகுப்பில் திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுவதால் மாணவர்கள் சிரித்துக்கொண்டும் மதிய உணவு மணியை எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். கடைசிக் குறள், எண் 950. மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வள்ளுவர் அதில் வகுக்கிறார்: நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன். இந்த நான்காமவரை அவர் 'உழைச்செல்வான்' என்கிறார்.

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "உழைச்செல்வான்னா நர்ஸாம்மா?" என்று கேட்டாள்.

'உழை' என்றால் பக்கம். பக்கத்தில் நிற்பவர் எவரும் உழைச்செல்வானே; செவிலியும்தான், வீட்டிலிருந்து கூடப்போய்த் தங்குபவரும்தான் என்றேன். பரிமேலழகர் இந்நான்கு கூறுகளையும் தனித்தனியே மேலும் நான்காகப் பகுத்திருப்பதைச் சொன்னேன். நோயுற்றவனுக்கு உரியனவாக அவர் கூறுபவற்றுள் தன் நோயின் நிலையைத் தானே எடுத்துரைப்பதும், மருந்து தரும் துன்பத்தைப் பொறுப்பதும் உண்டு. அருகிருப்பவனுக்கு உரியனவற்றுள் அன்பும் உண்டு, அறிவும் உண்டு. மணி அடித்தது. மாணவர்கள் போய்விட்டார்கள்.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. இருவேறு ஆண்டுகளில் இருவேறு மனநல மருத்துவமனைகளின் வாசலில் நான் நின்றிருக்கிறேன். ஒன்றில் என்னை உள்ளே விடவில்லை. மற்றொன்றில் உள்ளே வந்து தங்கச் சொன்னார்கள். இரண்டிலும் உள்ளே இருந்தவர் என் அண்ணன். இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அண்ணனின் அனுமதியோடு இப்போது எழுதுகிறேன்.

*

எங்கள் ஊர் பேத்துப்பாறை. கொடைக்கானல் என்றதும் ஏரியும் படகும் நினைவுக்கு வருபவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அஞ்சுவீடு அருவியைத் தேடி வரும் இளைஞர்களுக்குத் தெரியும். யானைகளுக்கு நன்றாகத் தெரியும். சரிவுகளில் காப்பி, மிளகு, மலைவாழை, பட்டர் ஃப்ரூட். அப்பாவுக்கும் அப்படி ஒரு சிறு தோட்டம் இருந்தது. அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்பவர். நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போதும் சீட்டி நிற்காது. "பாம்பு வரும்டா" என்று அம்மா கீழிருந்து சத்தம் போடுவார்.

1997-இல், அவருடைய இருபத்து நான்காவது வயதில், சீட்டி நின்றது. இரவுகளில் உறங்கவில்லை. பக்கத்துத் தோட்டத்து வானொலி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்றார். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தார். அம்மா கோடாங்கியிடம் போனார், தாயத்துக் கட்டினார், பழனிக்கு முடியிறக்க வேண்டிக்கொண்டார். ஓராண்டு இப்படிக் கழிந்தபின், உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, சமவெளியில் ஓர் ஊரில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மனச்சிதைவு நோய் என்று சீட்டில் எழுதினார்கள். சேர்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

நாற்பத்திரண்டு நாட்கள். ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் பார்க்கலாம், கம்பிக் கதவுக்கு இந்தப்புறம் நின்று. முதல் ஞாயிறன்று எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தலையை மழித்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை, நெஞ்சில் எண். காவலாளி உள்ளே பார்த்து, "ஏய் பதினேழு, ஒன்னப் பாக்க வந்திருக்காங்க" என்றார். பதினேழு எழுந்து வந்தார்.

அந்த மருத்துவமனையைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அங்கே தரப்பட்ட மருந்து வேலை செய்தது, குரல்கள் தணிந்தன, அண்ணன் சாப்பிட்டார், உறங்கினார். வீட்டுக்கு வந்தபின் திண்ணையில் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் வந்தார், சொன்னால் குளித்தார். இரண்டாண்டுகளுக்கு மேல் அவராக ஒரு வாக்கியமும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "குணமாயிருச்சு" என்று சொன்னோம்.

தமிழில் நோய் தீர்வதற்கும் ஒருவருடைய இயல்புக்கும் குணம் என்று ஒரே சொல் வழங்குகிறது. நோய் தீர்ந்தவன் தன் இயல்புக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று மொழி எதிர்பார்ப்பதுபோலத் தோன்றும். அண்ணனுக்குக் குணமாகிவிட்டது, அவருடைய குணம் திரும்பவில்லை. இதைக் கவனிக்க எங்களுக்கு நேரமும் இல்லை, மனமும் இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அது போதும் என்றிருந்தோம்.

*

இலக்கணம் படித்தவள் என்பதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்ற பகுப்போடு தொடங்குகிறது. மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. ஒரு திணைக்குரிய சொல்லை மற்றொரு திணைக்கு வழங்குவது திணைவழு. அதை நான் வகுப்பில் நடத்திய அதே காலத்தில்தான் எங்கள் வீட்டில் அண்ணன் மெல்ல மெல்லத் திணை மாறிக்கொண்டிருந்தார். "தம்பி சாப்பிட்டாரா" என்று கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா "அவன் சாப்பிட்டானா" என்றார். பிறகு வந்த விருந்தாளி ஒருவர், அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டே, "இதுக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று என்னிடம் கேட்டார். நான் "குடுத்தாச்சு" என்றேன். அந்தப் பதிலில் நானும் அந்த 'இது'வை ஏற்றுக்கொண்டேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு சேர்த்தவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற குடும்பத்தினர்தாம். அன்பில்லாதவர்கள் அல்லர், வேறு வழி தெரியாதவர்கள். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியபோது அண்ணனும் கூடத்தில் இருந்தார். சற்று நேரம் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போய்க் காப்பி உலர்த்தும் களத்தில் குந்தி உட்கார்ந்து, வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். காப்பித் தம்ளரை நீட்டக் குனிந்தபோதுதான் அந்தக் கணுக்காலில் ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்தேன். மூன்றாண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்திராத தழும்பு. எப்படி வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

மறு ஆண்டு எனக்குத் திருமணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணன் வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தோம். திருமணத்தன்று அவர் தோட்டத்து மோட்டார் அறையில் இருந்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் இலையில் கட்டிய சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தான். நான் மணமேடையில் இருந்தேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத எனக்கு வலுவில்லை.

*

2003 ஏப்ரலில் நோய் மீண்டது. இம்முறை ஒரு பேராசிரியத் தோழியின் ஆலோசனைப்படி வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். சேர்க்கும் இடத்தில், "கூட யார் தங்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை. வீட்டார் ஒருவர் நோயாளியோடு தங்கினால்தான் அங்கே சேர்ப்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரு சிறிய அறை, சமைத்துக்கொள்ள ஓர் அடுப்படி. கோடை விடுமுறை வந்ததால் நானும் அம்மாவும் தங்கினோம்.

இந்த வழக்கத்தின் வரலாற்றைப் பிற்பாடு தேடிப் படித்தேன். இந்தியாவில் மனநல மருத்துவமனைகள் என்பவை பெரும்பாலும் வெள்ளையர் ஆட்சி கட்டிய மதில்களாகத் தொடங்கியவை. சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயாளிகள் இல்லம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே தமிழர்கள் வசைச்சொல்லாக மாற்றியதிலிருந்து அந்த மதில் எவ்வளவு உயரமாக இருந்தது என்று ஊகிக்கலாம். அந்த மதிலுக்குள் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், நோயாளிகளுக்குத் தொழில்வழிச் சிகிச்சை தருவதிலும் அவர்களை மறுவாழ்வுக்கு ஆயத்தப்படுத்துவதிலும் கவனம் செலுத்தினார். ஓய்வுபெற்றபின் 1984-இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

மதிலைத் திறக்கும் முயற்சி வடக்கே அதற்கு முன்பே நடந்திருந்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் காலத்திலிருந்தே, வீட்டார் உடன்தங்குவது சிகிச்சையின் பகுதியாயிற்று. படுக்கையும் பணியாளரும் போதாமையால் பிறந்த ஏற்பாடு என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அந்தப் போதாமை எங்கள் நாட்டுக்கு ஒரு நன்மையைச் செய்தது. உழைச்செல்வானுக்கு வார்டுக்குள் இடம் கிடைத்தது.

உள்ளே போன முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். செவிலியர், துப்புரவுப் பணியாளர், மருத்துவர் எல்லோரும் அண்ணனைப் பெயர் சொல்லி, 'நீங்க' என்று பேசினார்கள். அண்ணன் அவருடைய சொந்த வேட்டி சட்டையிலேயே இருந்தார். ஊசி போடுவதற்கு முன்பு, "இது தூக்கம் வரவைக்கும், வாய் உலரும், ரொம்ப உலர்ந்தா சொல்லுங்க" என்று அவரிடம் சொன்னார்கள், என்னிடம் அல்ல. மருந்தின் துன்பத்தைப் பொறுப்பது நோயுற்றவனுக்கு உரியது என்றால், இன்ன துன்பம் வரும் என்று முன்கூட்டி அறிவதும் அவனுக்கு உரியதுதானே.

மூன்றாவது வாரம், குரல்கள் ஓரளவு அடங்கிய பிறகு, தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். அண்ணனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்ய ஆசைப்படுறீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அண்ணன் அமைதியா இருந்தா அதுவே போதும் மேடம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், "நான் அவங்களக் கேட்டேன்மா" என்றார்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. அம்மையார் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார், அதே கேள்வியைக் கேட்டார், சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கவாத்துக் கத்தி வேணும்."

எனக்கு வயிறு கலங்கியது. மனநோயாளி ஒருவர் மருத்துவமனையில் கத்தி கேட்கிறார். இனி என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரும் திரைப்படங்களும் எனக்குக் கற்றுத் தந்திருந்தன. "வேற எதாவது கேளுங்கண்ணே" என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டது.

அடுத்த நாள் மருத்துவர், செவிலி, அந்த அம்மையார், அம்மா, நான் என்று ஆறு நாற்காலிகள் போட்டார்கள். ஆறாவது நாற்காலி அண்ணனுக்கு. அவரைப் பற்றி நடந்த கூட்டங்கள் அதற்கு முன்பும் உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பல நடந்திருக்கின்றன. அவருக்கு நாற்காலி போட்ட முதல் கூட்டம் இதுதான். கத்தி எதற்கு என்று மருத்துவர் அவரிடம் கேட்டார்.

அண்ணன் பேசினார். பழம் பறித்து முடித்ததும் செடியைக் கவாத்து செய்ய வேண்டும். தான் விழுந்துவிட்டதால் இவ்வாண்டு யாரும் செய்திருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு முட்டி வலி, குனிய மாட்டார். காய்த்து ஓய்ந்த கிளையையும் உள்நோக்கி வளர்ந்ததையும் எடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு காய்க்கும் இளங்கிளையை விட வேண்டும். தெரியாதவன் வெட்டினால் எல்லாவற்றையும் மழித்துவிடுவான். வெட்டியபின் வரும் பக்கச் சிம்புகளை யார் கிள்ளுவது என்பதுவரை சொன்னார். ஆறு ஆண்டுகளில் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மருத்துவர் எழுதிக்கொண்டே, "எந்தக் கிளை அடுத்த வருஷம் காய்க்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று உண்மையாகவே கேட்டார்.

கத்தியை அன்றே கொடுத்துவிடவில்லை. பிறருக்கோ தனக்கோ தீங்கு செய்யும் எண்ணம் இருக்கிறதா, குரல்கள் ஏதேனும் கட்டளையிடுகின்றனவா என்று அவரிடமே நேராகக் கேட்டார்கள். ஒரு வாரம் பார்த்தார்கள். பின்னர் காலையில் ஒரு மணி நேரம், ஒரு பணியாளர் அருகிருக்க, கவாத்துக் கத்தரி ஒன்றைத் தந்து, வளாகத்துத் தோட்டத்தில் விட்டார்கள். காப்பிச் செடி அங்கே இல்லை. செம்பருத்தியும் எலுமிச்சையும் இருந்தன. முடித்ததும் கத்தரியைக் கழுவித் துடைத்து எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சீட்டிச் சத்தம் கேட்டது. சுருதி சேரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

*

இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. மீட்சி நோக்கிய பராமரிப்பு என்று தமிழில் சொல்லலாம். பதின்பருவத்தில் மனச்சிதைவு நோய் என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கப் பெண்மணி பட்ரீஷியா டீகன், 1988-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் மறுவாழ்வுப் பணியையும் மீட்சியையும் பிரித்துக் காட்டினார். முன்னது பிறர் தருவது. பின்னது நோயுற்றவர் தாமே வாழ்ந்து அடைவது. அறிகுறிகள் முற்றாக மறைய வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்தில் 'சேஃப்வார்ட்ஸ்' என்ற முறையைப் பின்பற்றும் வார்டுகளில், வீடு திரும்புவோர் அடுத்து வருவோருக்காக நல்வார்த்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே வருபவர் முதலில் காண்பது, வெளியே போன ஒருவரின் கையெழுத்து. எண்ணிட்ட சட்டையை நினைத்துக்கொண்டேன்.

நம் ஊரிலும் சான்றுகள் உண்டு. சென்னையில் 1981-இல் முதன்முறையாக மனச்சிதைவு நோய் கண்ட 90 பேரை மருத்துவர் தாராவும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோர் நோயின் கடுமையிலிருந்து மீண்டிருந்தனர். 1993-இல் தொடங்கப்பட்ட 'பேனியன்' அமைப்பு, மருத்துவமனைகளில் நெடுங்காலம் தங்கிவிட்டவர்களை ஊருக்குள் வாடகை வீடுகளில் நால்வர் ஐவராகக் குடியமர்த்துகிறது. அத்திட்டத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டியது.

சட்டமும் மாறியிருக்கிறது. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்தபோது, யாரோ அண்ணனின் நாற்பத்திரண்டு நாட்களைக் கேட்டறிந்து எழுதியதுபோல இருந்தது. தலையைக் கட்டாயமாக மழிக்கக் கூடாது. சீருடை உடுத்தக் கட்டாயப்படுத்தக் கூடாது. தனியறையில் அடைக்கக் கூடாது. எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது. வேலை வாங்கினால் உரிய கூலி தர வேண்டும். ஏட்டில் இருப்பதெல்லாம் வார்டில் இருக்கிறதென்று சொல்ல வரவில்லை. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் மனநோய் உற்றவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையையே எட்டவில்லை. மலையிலிருந்து இறங்கி, மாத்திரை வாங்கி, கடைசிப் பேருந்தைப் பிடித்து ஏறுவது என்ன பாடு என்பதை எங்கள் ஊரில் எவரும் சொல்வார்கள். ஆயினும் ஏட்டில் ஒன்று இருந்தால்தான் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

*

அண்ணனின் கதை அதன்பின் நேர்க்கோட்டில் போகவில்லை. எங்கள் ஊரில் யானை வரும் பருவத்தில் இரவுக் காவல் உண்டு. பக்கத்துத் தோட்டத்து மாமாவும் அண்ணனும் முறைவைத்து டார்ச்சும் வெடியுமாக விழித்திருப்பார்கள். இரவு மாத்திரை போட்டால் எட்டு மணிக்கே கண் சொருகும். ஆகவே 2009-இல் அண்ணன் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார். வாழை பிழைத்தது, அவர் மீண்டும் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நான் மருத்துவரிடம், "இனி தோட்டத்துப் பக்கமே விடக் கூடாதுன்னு சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டேன். அவர் அதைச் சொல்லவில்லை. அண்ணனிடம் யானை எத்தனை மணிக்கு வரும், எந்த மாதங்களில் வரும், காவல் முறை எப்படி என்று விசாரித்து, மருந்தையும் வேளையையும் அதற்கேற்ப மாற்றினார். காவல் முறையில் அண்ணன் முன்னிரவை மாமாவிடம் விட்டுவிட்டு விடியற்காலையை எடுத்துக்கொண்டார். அந்த ஏற்பாடு இன்றுவரை நிற்கிறது.

2011-இல் அப்பா இறந்தபின் தோட்டத்தை அண்ணன்தான் பார்க்கிறார். நான் மாதம் ஒருமுறை போவேன். போகும்போதெல்லாம் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பேன். அவர் அருகில் இல்லாத நேரம் பார்த்து எண்ணுவதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

2019-இல் நானே அந்தச் சட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வயது வந்த எவரும், நோய் முற்றித் தாம் முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தமக்காகப் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். நியமனத்துக்கு வெள்ளைத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ போதும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் தாள் கேட்டார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். தன்னைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கால்களைக் கட்டக் கூடாது என்று எழுதியிருந்தார். தனக்காகப் பேசும் பிரதிநிதியாகப் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் பெயரை எழுதியிருந்தார்.

நான் தாளை இரண்டுமுறை படித்தேன். பதினாறு ஆண்டுகளாக விடுமுறையெல்லாம் அவருக்கென்று கழித்தவள் நான். வார்டில் அவரோடு படுத்தெழுந்தவள் நான். "மாமாவுக்கு இதெல்லாம் என்னண்ணே தெரியும்?" என்று கேட்டேன். குரல் உடைந்துவிட்டது.

அண்ணன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நீ பயந்துருவ பாப்பா. பயந்தா கதவப் பூட்டச் சொல்லிருவ. மாமா எங்கிட்டக் கேப்பாரு."

பேருந்தில் பெருமாள்மலை வரும்வரை அழுதேன். அதன்பின் இரண்டு மாதம் ஊருக்குப் போகவில்லை. எனக்குக் கோபம் என்று நினைத்தேன். பிறகு மெல்லத் தெரிந்தது, அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை என்று. "அமைதியா இருந்தா போதும்" என்றது நான். "வேற எதாவது கேளுங்கண்ணே" என்றது நான். தோட்டத்துப் பக்கம் விடாதீர்கள் என்றதும் நான். பரிமேலழகர் அன்போடு அறிவையும் ஏன் கேட்டார் என்பது எனக்கு அந்த இரண்டு மாதத்தில்தான் விளங்கியது. அருகிருப்பவன் அஞ்சினால் முன்னால் வந்து நின்று வழியை மறித்துக்கொள்கிறான். தான் மறிப்பதும் அவனுக்குத் தெரிவதில்லை.

வள்ளுவர் அந்தக் குறளில் நோயுற்றவனைக் குறிக்க 'உற்றவன்' என்ற சொல்லை ஆள்கிறார். நான்கு கூறுகளுள் அவனைத்தான் முதலில் வைக்கிறார், மருத்துவன்கூட அடுத்துத்தான். 'உற்றவன்' என்றால் நம் வழக்கில் உறவினனும்தான். நோயுற்றவனுக்கும் நெருங்கியவனுக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் வகுப்பில் அதை இனிமேல் வெறும் சொற்பொருளாகச் சொல்லிவிட்டுப் போக என்னால் ஆகாது.

இப்போது மாத்திரை அட்டையை நான் எண்ணுவதில்லை. "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்கிறேன். சில நாள் "சத்தம் கொஞ்சம் கூடயிருக்கு, மழைக்காலம்ல" என்பார். சில நாள் காப்பி விலையைச் சொல்வார். இரண்டையும் ஒரே குரலில் சொல்வார்.

இந்தக் கட்டுரையை அவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். களத்தில் உட்கார்ந்து மிளகைக் கசக்கிக்கொண்டே கேட்டார். மோட்டார் அறைப் பகுதி வந்தபோது நான் நிறுத்தினேன். "படி" என்றார். படித்தேன். முடிந்தபின் பேர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எழுந்து போனவர் வாசல்வரை போய்த் திரும்பி, "அந்தக் கவாத்து செய்யிற எடத்த இன்னொருக்காப் பாத்துக்க. பழம் பறிச்சு முடிச்ச ஒடனேன்னு தெளிவா இருக்கணும். படிக்கிறவன் பூவெடுக்குற நேரத்துல வெட்டிறப் போறான்" என்றார்.

தெளிவாகவே எழுதுகிறேன்: பழம் பறித்து முடித்தவுடன்.